துணியை எண்ணாதே, கிளிப்பை எண்ணு

எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் கெமிஸ்ட்ரி டீச்சர் வகுப்பில் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. வீட்டில் வாயில்லாப் பூச்சி. மனைவியை இழந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவள். அவருடைய மகள் பள்ளிக் கடைசி வகுப்பு. வருஷம் ஒன்றாகியும் அந்தப் பெண் இவளிடம் "இந்தாங்க", "சரிங்க" தாண்டிப் பேசியதில்லை.

"அடிமேல் அடி வச்சா அம்மியும் நகரும்" என்று நான் ஆறுதல் சொன்னேன்.

"அம்மி நகரும்க்கா, இவ நகரமாட்டா" என்று சிரித்தாள். என்ன திமிர் அந்தப் பெண்ணுக்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதிகாரம் பண்ணுவதுபோல ஆகிவிடுமோ என்று, கேட்காமல் பாடம்கூடச் சொல்லித் தரமாட்டாள் டீச்சர்.

ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் என் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் ஈரத்துணி காயப்போட, சுவரோரம் பெண் பரீட்சைக்கு உரக்கப் படித்தாள். நடுவில் கோபால்ட், சுற்றி இரண்டு எத்திலீன் டைஅமீன், இரண்டு குளோரைடு. "அணைவு எண் நாலு."

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லித் தொலையேன் என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

விடையைப் புரட்டிப் பார்த்த பெண்ணே நிமிர்ந்தாள். "இந்தாங்க, நாலு பேர்தான இருக்காங்க? புக்குல ஆறுன்னு போட்டிருக்கு."

டீச்சர் கொடியில் இரண்டு போர்வைகளைப் போட்டு ஒவ்வொன்றின் இரு முனையிலும் கிளிப் மாட்டினாள். பக்கத்தில் இரண்டு சாக்ஸ், ஒன்றுக்கு ஒரு கிளிப். "அணைவு எண்ணுன்னா எத்தனை பேருன்னு இல்ல, எத்தனை இடத்துல புடிச்சிருக்குன்னு. கொடிதான் கோபால்ட். துணிய எண்ணாத, கிளிப்ப எண்ணு."

"ஆறு."

"எத்திலீன் டைஅமீன் போர்வை மாதிரி, ரெண்டு இடத்துல புடிக்கும். குளோரைடு சாக்ஸ்."

பெண் அடுத்த கணக்கைக் காட்டினாள். "இதுல ஈ.டி.டி.ஏ. ஒண்ணே ஒண்ணுதான். இதுக்கும் ஆறா?"

"ஆமா. அது ஒண்ணே ஆறு இடத்துல புடிக்கும். லேசுல விட்டுட்டுப் போகாது."

பெண் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா போயிட்டாங்க. அப்புறம் அத்தை வந்து பாத்துக்கிட்டாங்க, அவங்க கல்யாணம் ஆனதும் அவங்களும் போயிட்டாங்க" என்றாள். "நீங்க எப்பப் போவீங்க?"

அவளுக்கு இருந்தது திமிர் இல்லை, பயம்.

டீச்சர் கிளிப் கூடையை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நான் எங்கயும் போகலடா" என்றாள்.

நான் பாதித் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.