பம்பாய்க்குப் போன முறுக்கு டப்பா

என் வீட்டுக்காரருக்கு 'இல்லை', 'முடியாது' என்ற இரண்டு சொல்லும் வாயில் வராது. தபாலாபீஸ் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் வரும். கட்டு சரியில்லை, அரக்கு சரியில்லை, எடை கூடிப்போச்சு என்று யாராக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். கவுண்டரை விட்டு எழுந்தால் வேறு ஆள். தெருவில் போகிற எவனாவது தலையில் கல்லைத் தூக்கி வைத்தாலும், "பரவாயில்ல, வைங்க" என்பார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அரசாங்கச் செலவில் குடும்பத்தோடு ஊர் சுற்றிவரும் சலுகை அவருக்கு வந்தது. அந்த வருடம் போகாவிட்டால் போச்சு. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மே மாதம் லீவு. பம்பாய், அப்புறம் டெல்லி என்று முடிவு செய்தது நான்தான். கல்யாணமாகி நாலு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்த தூரம் வீட்டிலிருந்து சர்ச் வரைக்கும்தான். அதிலும் அவர் பத்தடி முன்னால் போவார். பம்பாய்க் கடற்கரையில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், மாமியார், கொழுந்தன், பக்கத்து வீடு என்று யாரும் இல்லாமல் அவர் பக்கத்தில் நடக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு ஆசை. இரண்டு வயது மகளும் கூட வருகிறாள் என்பதை அந்த ஆசையில் நான் சேர்க்கவே இல்லை.

பம்பாய்க்குப் போகிறோம் என்று சங்கரன்கோவிலில் ஒருவரிடம் சொன்னால் போதும். தாராவியிலோ மாதுங்காவிலோ ஒரு ஆளாவது இல்லாத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. கருப்பட்டி வந்தது, மாவடு வந்தது, வத்தல் வந்தது, யாரோ ஒருவர் மகள் பிரசவத்துக்கு மருந்துப்பொடி வந்தது. பத்துப் பொட்டலம். எல்லாவற்றுக்கும் என் வீட்டுக்காரர் "பரவாயில்ல, வைங்க" என்றார்.

பதினொன்றாவதாக வந்தது தயிர்க்கார அத்தை. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் பானையோடு வந்து இறங்குகிறவள். என் மகள் பால்குடி மறந்ததிலிருந்து அவள் தயிரில் பிசைந்த சோற்றில்தான் வளர்ந்தாள். ஒரு பழைய பால்பவுடர் டப்பா நிறைய முறுக்குச் சுட்டு, மேலே துணி சுற்றித் தைத்து எடுத்து வந்திருந்தாள்.

"எம் மவன் கடுதாசி போட்டு எட்டு மாசம் ஆவுது டீச்சரம்மா. இத அவன் கையில குடுத்துட்டு, மூஞ்சிய மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க. மெலிஞ்சிருக்கானான்னு பாருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

அதற்கு 'முடியாது' சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

இரண்டு ராத்திரி ரயிலில் நசுங்கி பம்பாயில் இறங்கினோம். அங்கே இருந்தது ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் நாங்கள் பார்த்தது மாடிப்படிகள். மூன்றாவது மாடி, நாலாவது மாடி, ஒவ்வொன்றிலும் ஒற்றை அறைக்குள் எட்டுப் பேர். பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்ப முடியுமா? "ஊர்ல மழை பெஞ்சுதா? அண்ணன் பேசுதானா? இருங்க, சாப்பிட்டுட்டுத்தான் போணும்." வேர்வையில் சேலை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். என் மகள் எந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாலும் "போவோம்... வீட்டுக்குப் போவோம்" என்று தரையில் புரள ஆரம்பித்தாள். அந்த ஊர்ப் பாலைக் குடிக்கவில்லை. சோற்றை வாயில் வைத்தால் துப்பினாள். இடுப்பிலேயே தொங்கியதில் என் ஒரு பக்கம் மரத்துப்போயிற்று. கடலை நான் ஒருமுறை பார்த்தேன், பஸ் ஜன்னல் வழியாக, அதுவும் நின்றுகொண்டே.

"உங்களுக்கு லீவுலயும் தபால்காரர் வேலைதானா?" என்று நடுத்தெருவில் கத்திவிட்டேன். "ஒரு பொட்டலத்தையாவது வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா?"

அவர் கையில் இருந்த அட்ரஸ் சீட்டைப் பார்த்தபடி, "இன்னும் ஒண்ணுதான் இருக்கு. நாளைக்கு பீச்சுக்குப் போவோம்" என்றார்.

நாளைக்கு என்பது கடைசி நாள். காலையிலேயே மாதுங்காவில் அத்தையின் மகன் வேலை பார்த்த மெஸ்ஸுக்குப் போனோம். அவன் இல்லை. "அவன் போயி ஏழெட்டு மாசம் இருக்கும் அண்ணாச்சி. எங்கன போனான்னு தெரியல" என்றார் அங்கே இலை போடுகிறவர், எங்கள் பக்கத்து ஆள். ஒருவர் பூனா என்றார், ஒருவர் சூரத் என்றார். என் வீட்டுக்காரர் விடவில்லை. டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். பின்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான். சாயங்காலம் வரை அலைந்தும் அவன் கிடைக்கவில்லை. என் கடற்கரையும் கிடைக்கவில்லை. எனக்கு அப்போது அந்தப் பையன் மேல் பரிதாபம் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் டெல்லி ரயில். ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். ஒன்றரை நாளாக ஒன்றும் தின்னாத பிள்ளை, அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தது. நான் டப்பாவை இழுத்து, தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தேன்.

"ஏட்டி, அது அத்த மவனுக்கு."

"எந்த மவனுக்கு? எங்கன இருக்கான் அவன்?"

மகள் முறுக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடித்தாள். இன்னொன்று கேட்டாள். அப்புறம் நான் ஒன்று எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரும் கை நீட்டினார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்து தின்றோம். அந்தப் பயணம் முழுவதிலும் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

டெல்லியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல். லாட்ஜ் அறையில் நானும் அவளும் படுத்திருந்தோம், அவர் மருந்துக்கடையைத் தேடி அலைந்தார்.

எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். ஊருக்குத் திரும்பும்போது ஆக்ரா பிளாட்பாரத்தில் பூசணிக்காய் மிட்டாய் விற்றான். அதை வாங்கி அந்த டப்பாவை நிரப்பினேன். அப்போது என் மனதில் பொய் எதுவும் இல்லை. அத்தையிடம் உள்ளதைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, டப்பாவைக் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் காலையில் அத்தை வந்தாள். நான் வாயைத் திறக்குமுன் டப்பாவை வாங்கி மூடியைத் திறந்தாள். வெள்ளை வெளேரென்று இருந்த மிட்டாயைப் பார்த்ததும் அவள் முகம் மாறிப்போனது.

"எம் மவன் குடுத்துவிட்டானா?"

"ஆமா அத்த" என்றேன்.

"மெலிஞ்சிருக்கானா?"

"இல்ல. நல்லா இருக்கான்."

அன்றைக்கு அவள் தயிர் ஊற்றுகிற வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். எங்களுக்கும் கொடுத்தாள். என் துண்டை மகளிடம் கொடுத்துவிட்டேன். "உள்ளதச் சொல்லிருவோம்" என்றார் வீட்டுக்காரர். "கொஞ்சம் பொறுங்க" என்றேன். ஒரு வாரம் கழித்து அவள் ஒரு கார்டை நீட்டினாள். மிட்டாய் நன்றாக இருந்தது, ஊரே தின்றது என்று மகனுக்கு எழுதச் சொன்னாள். எழுதினேன். அவன் இல்லாத மாதுங்கா மெஸ் விலாசத்தையே போட்டேன். என்னைப் போல வெட்கங்கெட்டவள் உண்டா என்று இருந்தது.

மூன்றாவது வாரம் அவர் ஆபீஸிலிருந்து வந்து, சட்டைப்பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஆள் இல்லை என்று விலாசத்தின் மேல் சிவப்பு மையில் கோடு கிழித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

காலையில் அத்தை பானையை இறக்கினாள். "பதில் வந்துச்சா தம்பி?"

அவர் கார்டை அவள் கையில் கொடுத்தார். "இல்ல அத்த. நாங்க அவனப் பாக்கவே இல்ல. அங்க அவன் இல்ல."

'இல்லை' என்ற அந்தச் சொல் வீட்டில் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல்முறை. அதைச் சொல்லத் தெரியாதவர் என்று பம்பாயில் நடுத்தெருவில் அவரைத் திட்டிய நான், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்தேன். "மிட்டாய் நான் வாங்குனது அத்த. ரயில்ல பிள்ள ரொம்ப அழுதா. முறுக்க நான்தான் பிரிச்சேன். நாங்க தின்னுட்டோம்."

எழுத்துத் தெரியாத அத்தை அந்தக் கார்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"பிள்ளைக்குப் புடிச்சுதா?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன். வழக்கமான அளவு தயிரை ஊற்றிவிட்டு, கார்டை இடுப்பில் செருகிக்கொண்டு, பானையைத் தூக்கித் தலையில் வைத்துப் போனாள். அன்று எங்கள் தெருவில் "தயிரு" என்று கூவுகிற சத்தம் கேட்கவில்லை.