இருமல் இல்லாத ஒலிப்பதிவு

மாத்தளையில் உயர்தர வகுப்பில் சேர்ந்து ஒரு பள்ளித் தவணைதான் முடிந்திருந்தது. பஸ்சுக்கும் டியூஷனுக்கும் அப்பாவால் கொடுத்து மாளவில்லை.

"அடுத்த தவணைக்கு நீயே வழி பாத்துக்க. இல்லேன்னா அத்தகூட கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயிரு" என்றார்.

கடைக்குப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு போனில் வேலை தேட ஆரம்பித்தேன். முதலில் அகப்பட்டவர்கள் எல்லோரும் வேலை தருவதற்கு முன்பே காசு கேட்டார்கள். காசு இல்லாமல்தானே வேலை தேடுகிறேன் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. கடைசியில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கிடைத்தது. தமிழ் வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அதைக் கேட்டு ஏதோ ஓர் இயந்திரம் தமிழ் படிக்குமாம். அம்மா சம்மதக் கையெழுத்துப் போட்டார். "விமானம் தாமதமாகப் புறப்படும்" என்று எல்கடுவைத் தோட்டத்து லயத்திலிருந்து உலகத்துக்கு அறிவித்தேன்.

அனுப்பியது முழுவதும் திரும்பி வந்தது. பின்னணியில் சத்தமாம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்து வீடுகளில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் தும்முவோம்.

மறுநாளே நான் லயத்துக்குக் கங்காணி ஆனேன். பின்னேரம் ஐந்திலிருந்து ஆறு வரை யாரும் மூச்சுவிடக் கூடாது என்று வாசல் வாசலாகப் போய்ச் சொன்னேன். ரேடியோக்கள் அடங்கின. கைக்குழந்தையைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குத் தூக்கிப் போனார்கள். சேவலைக்கூடக் கூடைக்குள் போட்டார்கள். அடங்காதது பக்கத்துக் காம்பராவில் தனியாக இருந்த சித்தப்பாவின் இருமல் மட்டும்தான். தேயிலை ஆலையில் தூசி தின்று வாங்கிய இருமல் அது.

பதிவு இரண்டாம் முறையும் திரும்பி வந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"இன்னொரு தடவ திருப்பி அனுப்புனா என்னைய நிப்பாட்டிருவாங்க சித்தப்பா. எல்லாம் ஒங்க இருமலாலதான்."

 அடுத்த நாளிலிருந்து அவர் ஐந்து மணிக்கு முன்பே கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். பனி இறங்கும் மாதம். அந்த நேரத்துக்கே எதிர் லயம் தெரியாது. என்மேல் கோபித்துக்கொண்டு சாராயக் கடைக்குப் போகிறார் என்றே நினைத்தேன். போனால் போகட்டும், எனக்கு அமைதி கிடைத்தது.

மூன்றாவது முறை அத்தனையும் தேறியது. அடுத்த தவணைக்குப் பள்ளிக்கூடம் நிச்சயமாயிற்று. ஒரு பை டொபி மிட்டாய் வாங்கி, சத்தம் போடாமல் இருந்ததற்காக ஒவ்வொரு வாசலிலும் கொடுத்துக்கொண்டு வந்தேன். சேவல்காரருக்கு இரண்டு. சித்தப்பாவும் சிரித்துக்கொண்டே கை நீட்டினார்.

"நீங்கதான் வீட்லயே இல்லியே" என்றேன்.

"ஆமா புள்ள, நான் எங்க இருந்தேன்" என்று கையை இழுத்துக்கொண்டார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. பனியில் ஊர் சுற்றினால் இப்படித்தான் என்று புத்தி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

தேயிலை மலைப் பாதையில், மதகின் மேல், அந்த நாட்களில் ஆறு மணி அடிக்கும் வரை சித்தப்பா தனியாக உட்கார்ந்திருப்பார் என்று அம்மா என்னிடம் சொன்னது, நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான்.