இரு கரை டிரில்

கொரோனா இரண்டாவது முறை வந்த கோடையில் எனக்கு அக்காவின் மேல் கடுமையான பொறாமை. நான் அப்போது ஆறாம் வகுப்பு, அவள் பிளஸ் டூ. பொதுத்தேர்வை முதலில் தள்ளிவைத்தார்கள். பிறகு தேர்வே கிடையாது, எல்லாரும் பாஸ் என்று சொல்லிவிட்டார்கள். பரீட்சை எழுதாமலே பாஸ், போதாததற்கு நாள் முழுக்கத் தூக்கம். ஒரு பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

அக்கா அதைக் கொண்டாடவில்லை. அந்தப் பரீட்சைக்காக இரண்டு வருஷம் விடியலுக்கு முன்பே எழுந்து படித்தவள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குளிக்கக் கூப்பிட்டால் "அப்புறம்" என்பாள். தட்டில் போட்ட சோறு காய்ந்து கிடக்கும். நீளமான கூந்தல் சிக்குப் பிடித்துக் கயிறாகிவிட்டது. அப்பா வேலை செய்த புதுச்சேரிக் கம்பெனியை மூடிவிட்டதால் அவர் வீட்டிலேயே இருந்தார். தினமும் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்.

"ஜுரம் இல்ல, சளி இல்ல. அப்புறம் என்னம்மா பேஜாரு ஒனக்கு?"

"ஒண்ணும் இல்லப்பா."

ஒன்றும் இல்லை என்று அப்பாவும் நம்பினார், நானும் நம்பினேன். அம்மா மட்டும் நம்பவில்லை.

எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவில் ஏரி. முந்தின பருவத்து மழை தை வரைக்கும் பெய்ததால் அந்த வருஷம் கோடையிலும் அதில் தண்ணீர் நின்றது. அந்தப் பக்கத்து ஊரில்தான் அக்காவின் தோழி இருந்தாள். திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்துக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அந்தக் கோடையில் அவளுடைய அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. வீட்டில் இருந்த ஒரே நல்ல போனும் அவர் சட்டைப் பையோடு போனது, அதுவும் திரும்பவில்லை. அவர்கள் தெருவை மூங்கில் கட்டி அடைத்தார்கள். அடைப்பை எடுத்த பிறகும் அந்த ஊர்ப் பக்கம் யாரும் போகவில்லை.

ஒரு நாள் அம்மா தோட்டத்தில் நின்று, இரவல் போனில் கூப்பிட்ட தோழியின் அம்மாவோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு சாப்புடாம கெடக்குதாம்டி. யார்கிட்டயும் பேச மாட்டேன்னுதாம். நாளைக்குக் காலைல அவங்கம்மா ஏரிக்கரைக்கு இட்டுக்கினு வர்றேன்னு சொல்றாங்க. நீ இந்தக் கரையில நின்னு ஒரு தபா மூஞ்சியக் காட்டிட்டு வா."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் மறுநாள் காலை நான் கண்விழித்தபோது அவள் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா எண்ணெய் விட்டு விட்டு அந்தச் சிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இழுத்த இழுப்புக்கெல்லாம் அக்கா தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். துணைக்கு என்னை அனுப்பினார்கள்.

அக்கரையில் மஞ்சள் துப்பட்டா போட்ட உருவம் ஒன்று நின்றது. அதற்குக் கொஞ்சம் தள்ளி அவளுடைய அம்மா. அக்கா வாயருகே கையைக் குவித்துப் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அங்கிருந்தும் ஏதோ குரல் வந்தது. நடுவில் காற்று புகுந்து எல்லாவற்றையும் வெறும் "ஓ" ஆக்கிவிட்டது. பேச முடியாது என்று தெரிந்ததும் இருவரும் சும்மா நின்றார்கள். எனக்கு அலுப்பாக இருந்தது.

தான் அங்கே இருப்பதைக் காட்டத்தானோ என்னவோ, அக்கா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். மஞ்சள் துப்பட்டாவும் தூக்கியது. அக்கா கைகளைப் பக்கவாட்டில் விரித்தாள். அவளும் விரித்தாள். ஒன்பதாம் வகுப்பில் குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் செய்த டிரில் அது! முன்வரிசையில் இவர்கள்தான் ஜோடி. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஒண்ணு! ரெண்டு! மூணு! நாலு!" என்று கத்த ஆரம்பித்தேன். குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், திரும்பினார்கள். அத்தனை தண்ணீருக்கு அப்பால் ஒருத்தி, இப்பால் ஒருத்தி. நான்கு கைகளும் ஒரே உடம்பில் முளைத்தவைபோல எழுந்து இறங்கின. மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டுப் பார்த்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எண்ணுவதைக்கூட மறந்துவிட்டேன்.

திடீரென்று அக்கரை உருவம் உட்கார்ந்துவிட்டது. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கைகளைத் தலைக்கு மேல் தூக்கியிருந்த அக்கா அப்படியே நின்றாள். வெயில் ஏறியது. அவள் கைகள் நடுங்கத் தொடங்கின.

"எறக்குக்கா. வலிக்கும்."

"அவ எழுந்துக்கட்டும்."

மாட்டுக்காரர் போய்விட்டார். அக்காவின் உதடு வெளுத்து, கன்னத்தில் வியர்வையோ கண்ணீரோ வழிந்தது. கை மட்டும் இறங்கவே இல்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் மஞ்சள் துப்பட்டா அசைந்தது. தரையில் கை ஊன்றி மெல்ல எழுந்து நின்றது. இரண்டு கைகளையும் தூக்கியது. மூச்சுவிடக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா, "பசிக்குதும்மா" என்றாள். அம்மா கேப்பைக் களியைத் தட்டில் போட்டுவிட்டு, அடுப்படிக்குள் போய் அங்கேயே நெடுநேரம் நின்றுகொண்டிருந்தாள். அதன்பின் பஸ் விடும்வரை அக்காவும் நானும் தினமும் ஏரிக்குப் போனோம். சில நாள் டிரில் நன்றாக வரும். சில நாள் அக்காவால் பாதியில் முடியாமல் போகும், அப்போது அக்கரை காத்திருக்கும்.

போன பொங்கலுக்கு அக்கரையிலிருந்து அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எல்லாரும் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு அந்தக் கோடைக்குப் போயிற்று.

"அன்னைக்கு நான் வராம இருந்திருந்தா நீ எழுந்தே இருக்க மாட்ட" என்றாள் அவள். "ஒங்கம்மா போன்ல அழுதாங்களாமே. எம்பொண்ணு குளிக்கல, சாப்புடல, ஒங்க பொண்ணு வந்து நின்னாத்தான் எழுந்துப்பான்னு. அதைக் கேட்டுத்தான் நான் வெளியவே வந்தேன்."

அக்காவின் கை நின்றது.

"என்னடி சொல்ற? ஒன்ன எழுப்பத்தான் நான் வந்தேன்."

இருவரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தனக்கோசரம் எழுந்திருடின்னா ரெண்டு பேருமே எழுந்துக்கல. நாங்க ரெண்டு பொம்பளைங்க வேற என்னதான் பண்றது? பொய்யா சொன்னோம்?"

பொய் இல்லைதான். அவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நிஜம்.

இப்போது நானும் பிளஸ் டூ. எழ முடியாத காலை என்றால் என்னவென்று கொஞ்சம் தெரியும். அன்று அந்தக் கரையில் என்னை யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன்: எங்கள் அக்காவுக்கு ஒன்றும் இல்லை, பாவம் அந்த அக்காவுக்குத்தான் உடம்பு சரியில்லை, அவளைத் தேற்ற நாங்கள் வந்திருக்கிறோம். அக்கரையிலும் ஒரு தங்கை நின்றிருந்தால், எங்கள் பக்கம் கையைக் காட்டி, அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.