நான் கோடு போட்ட வசனங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலம் முடிகிற நேரத்தில், மானிப்பாயில் எங்கள் வீட்டில் தொடங்கியது இது. தானாகத் தொடங்கியது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் தொடக்கியவன் நான்.

என் ஒரே மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்தாள். எங்கள் நாட்டில் இந்தக் காத்திருப்பே ஒரு படிப்பு மாதிரி. பெறுபேறு வரக் காத்திருக்க வேண்டும், வெட்டுப்புள்ளி வரக் காத்திருக்க வேண்டும், பிறகு பீடம் திறக்கிற கடிதம் வரக் காத்திருக்க வேண்டும். அதற்குள் சிலர் கலியாணம் முடித்துப் பிள்ளையும் பெற்றுவிடுகிறார்கள். மருத்துவத்துக்குக் கொஞ்சப் புள்ளி போதாமல் மகளுக்கு விஞ்ஞான பீடம் கிடைத்தது. சொந்தக்காரர்கள் செத்தவீட்டுக்கு வருவதுபோல வந்து, குரலைத் தாழ்த்திக் கதைத்துவிட்டுப் போனார்கள். அவளுக்கோ ஒரு கவலையும் இல்லை. வந்தவர்களுக்காக முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்துவிட்டு, அவர்கள் கேற்றைத் தாண்டியதும் விட்ட பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கிவிடுவாள்.

அந்த வெயில் முழுக்க வாசித்தாள். சீமெந்துத் தரையில் படுத்தபடி, ஒரு கையில் நாவலும் மறு கையில் மாம்பழமுமாக. பிரதேச சபை நூலகத்தில் ஓர் அட்டைக்கு இரண்டு புத்தகம்தான் தருவார்கள். அவள் தன் அட்டை, தாயின் அட்டை, என் அட்டை மூன்றையும் கொண்டு போவாள். "பிள்ளை, நீர் ஒரு கிழமை லீவு எடுத்தால் நாங்களும் புதுப் புத்தகம் வாங்கி வைக்கலாம்" என்று நூலகர் ஒருநாள் கெஞ்சியிருக்கிறார்.

எல்லாம் தமிழ்ப் புத்தகங்கள். போகப்போகிற பீடத்தில் படிப்பிப்பதோ ஆங்கிலத்தில். அவளுடன் படித்த பிள்ளைகள் சைக்கிளில் கூட்டமாக யாழ்ப்பாணம் ரவுணுக்கு ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். என் மனைவி இதை இரண்டு மூன்று தரம் எடுத்துச் சொன்னா.

"இவளையும் விடுவமே? ஆறு மாதம் கிடக்கு."

"வீட்டிலை ஒரு அலுமாரி இங்கிலிஷ் புத்தகம் இருக்கேக்கை ரியூசன் என்னத்துக்கு? வாசிக்கிற பிள்ளைக்கு அது தன்பாட்டிலை வரும்" என்றேன் நான்.

இந்த இடத்தில் அந்த அலுமாரியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நான் கொக்குவிலில் பிறந்து வளர்ந்தவன். அங்கே பக்கத்து வீட்டில் இருந்த ஓர் ஆங்கில ஆசிரியர் பிள்ளைகளோடு இருக்கக் கனடாவுக்குப் போனபோது, இரண்டு பெரிய பெட்டி நிறையப் புத்தகங்களை என்னிடம் தந்துவிட்டுப் போனார். நான் தமிழில் கையில் அகப்பட்டதையெல்லாம் வாசிக்கிறவன். வெளிநாட்டு நாவல்களையும் மொழிபெயர்ப்பில் ஒரு கை பார்த்தவன். ஆனால் ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்தது, கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞனாக இருந்து பழகிய கடித ஆங்கிலம் மட்டுமே. உலகத்தில் யாராவது எதற்காவது வருத்தம் தெரிவித்தால் எனக்கு விளங்கும். மற்றபடி இல்லை.

கலியாணப் பேச்சு வந்தது. பெண்ணின் தகப்பன் படித்தவர், வாசிக்கிற மாப்பிள்ளை வேண்டும் என்கிறார் என்று தரகர் சொன்னார். அவர்கள் என்னைப் பார்க்க வருவதற்கு முதல் நாள் பின்னேரம், அந்தப் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கினேன். ஒன்றைத் திறந்து பார்த்தேன். தாள்கள் முகம் கழுவின மாதிரிச் சுத்தமாக இருந்தன. வாசித்தவனின் புத்தகம் அப்படி இருக்காது என்று எனக்கே தெரிந்தது. ஒரு பென்சிலையும் அடிமட்டத்தையும் எடுத்துக்கொண்டு குந்தினேன். பக்கம் பக்கமாகப் பிரட்டி, அங்கொரு வசனம் இங்கொரு வசனமாகக் கோடு போட்டேன். பொருள் பார்க்கவில்லை. நீளம் பார்த்தேன், சின்ன வசனமென்றால் கோடு நேராக வரும்.

மறுநாள் வருங்கால மாமா ஒரு புத்தகத்தை எடுத்துத் திறந்தார். கோடுகளைப் பார்த்தார். தலையாட்டினார். கலியாணம் நடந்தது. மானிப்பாயில் மனைவியின் சீதன வீட்டுக்கு நான் கொண்டுவந்த ஒரே அசையும் சொத்து அந்த அலுமாரிதான். அதைப் பார்த்து வந்தவர்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். நான் மறுக்கவில்லை. இதற்காக நான் எடுத்த முயற்சி அவ்வளவுதான்.

பல்கலைக்கழகம் திறந்தது. புதுமுக மாணவிகளுக்கென்று மூத்தவர்கள் விதித்த இரட்டைப் பின்னலோடும் தட்டைச் செருப்போடும் காலை பஸ்ஸில் போய்வந்தாள். முதல் கிழமை நிறையக் கதைத்தாள். இரண்டாம் கிழமை குறைந்தது. மூன்றாம் கிழமை, அவள் கட்டிலருகே கிடந்த தமிழ் நாவலில் அடையாளமாக வைத்த பஸ் ரிக்கற் நாற்பத்தோராம் பக்கத்திலேயே நிற்பதைக் கண்டேன். ஒரு நாளில் ஒரு நாவலை முடிக்கிற பிள்ளை.

ஒருநாள் பின்னேரம் விரிவுரைக்குத் தந்த அச்சுத் தாள்களோடு விறாந்தைக்கு வந்தாள்.

"அப்பா, இந்தப் பந்தியை ஒருக்கா விளங்கப்படுத்துங்கோவன்."

நான் தாளைப் பார்க்காமலே கதிரையில் நிமிர்ந்து இருந்தேன்.

"நான் சொல்லித் தந்தால் உனக்கு வராது பிள்ளை. நீயாத்தான் பழகவேணும். அலுமாரியிலை இருக்கிறதை எடுத்து வாசி. முக்கியமான இடமெல்லாம் நான் கோடு போட்டு வைச்சிருக்கிறன். அதிலையிருந்து தொடங்கு."

கடைசி இரண்டு வசனமும் எப்படி என் வாயிலிருந்து வந்தன என்று எனக்கு இன்றும் தெரியாது. சில பொய்கள் வயது போகப் போகத் தங்கள் சொந்தக்காலில் நிற்கத் தொடங்கிவிடுகின்றன.

ஒரு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் குசினியில் அவள் தாயோடு கதைப்பது என் அறைக்குக் கேட்டது.

"எனக்கு உது சரிவராது அம்மா. திங்கக்கிழமை முதல் சோதனை. நான் போகேல்லை. விலகிறன் எண்டு கடிதம் எழுதி வைச்சிட்டன்."

"ஏன் பிள்ளை? எல்லாருக்கும் தொடக்கத்திலை கஷ்டம்தானே."

"எல்லாருக்கும் வீட்டிலை அப்பா மாதிரி ஒராள் இல்லை. இருந்தும் எனக்கு ஒண்டும் விளங்குதில்லை எண்டால், பிழை என்னிலைதான்."

நான் கையில் பேனையோடு அப்படியே இருந்தேன். பேப்பருக்கு வழக்கமாக எழுதுகிற சிரிப்புக் கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். அதன் மிச்சம் இன்னும் எழுதப்படவில்லை.

மறுநாள் காலை அவள் மேசையில் அந்தக் கடிதத்தைத் தேடினேன். அகப்பட்டது ஒரு கொப்பி. முதற் பக்கத்தில் அழகான எழுத்தில், 'அப்பா கோடு போட்டவை' என்று இருந்தது. உள்ளே மூன்று நிரல்கள். முதலாவதில் ஆங்கில வசனம். இரண்டாவதில் தமிழ். மூன்றாவதன் தலைப்பு, 'ஏன்?'

'அவன் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனான்.' ஏன்? 'இனித் திரும்பி வரமாட்டான் என்று அவனுக்கே தெரிந்திருக்கலாம்.'

'சூப் ஆறிப்போயிருந்தது.' ஏன்? 'அந்த வீட்டில் அன்பு ஆறிப்போனதைச் சொல்கிறாரோ? அப்பாவிடம் கேட்கவேண்டும்.' கேட்கவேண்டும் என்பது பிறகு வெட்டப்பட்டிருந்தது.

'முற்றத்தில் ஐந்து குதிரைகள் நின்றன.' ஏன்? இங்கே அழித்து அழித்து எழுதியதில் தாளே தேய்ந்திருந்தது. கடைசியில் ஒரு கேள்விக்குறி மட்டும்.

இப்படி நூற்றுக்கு மேல். போகப் போக மூன்றாம் நிரல் வெறுமையானது. கடைசிப் பக்கத்தில் மூன்று நிரலுக்கும் குறுக்கே எழுதியிருந்தாள்: 'வசனம் விளங்குகிறது. அப்பா இதில் கண்டது எனக்குத் தெரியவில்லை. எனக்கு வாசிக்கவே தெரியாது போல.'

அகராதியை எடுத்து அவளுடைய மொழிபெயர்ப்பில் இரண்டைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தன. இரண்டுக்கும் எனக்கு அரை மணித்தியாலம் போனது.

கொப்பியோடு குசினிக்குப் போனேன். மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. மகள் படியில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். கொப்பியைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"பிள்ளை, உந்தக் கோடெல்லாம் பொய்" என்றேன்.

"என்ன பொய்?"

"நான் அதிலை ஒரு புத்தகமும் வாசிக்கேல்லை. வாசிக்கவும் தெரியாது. சும்மா கோடு போட்டனான்."

அவள் தலை நிமிரவில்லை. இலையை ஆய்ந்தபடியே சொன்னாள்: "நான் விலகிறன் எண்டு அம்மா சொல்லிப்போட்டா என்ன? நான் கவலைப்படக்கூடாது எண்டு சொல்லுறியள். எனக்கு விளங்குது அப்பா."

"உண்மையாத்தான் சொல்லுறன்."

"பேப்பரிலை எழுதுற மாதிரி இஞ்சையும் கதைக்காதேங்கோ."

இருபது வருடம் பகிடி எழுதினவனுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை இல்லை. வாழ்க்கையில் ஒரேயொரு தரம் உண்மை சொல்ல வந்தேன், நம்ப ஆளில்லை. வேறு வழியில்லாமல் மனைவியைப் பார்த்தேன். அவ திருவலையை நிறுத்தவில்லை.

"அவர் சொல்லுறது உண்மைதான் பிள்ளை. உந்த அலுமாரியைத் தூசி தட்டுறது நான்தானே. மேல் தட்டிலை ஆறு புத்தகத்துக்குத் தாள் இன்னும் ஒட்டினபடி கிடக்கு."

"அப்ப கோடு?"

"அது எங்கடை அப்பாவுக்குக் காட்டுறதுக்குப் போட்டது."

இது எனக்கே செய்தி. "உமக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"கலியாணம் முடிஞ்ச மற்றக் கிழமை."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? கோடு நேராத்தான் இருந்தது. உவள் அதுக்கெல்லாம் கொப்பி போடுறாள் எண்டு எனக்கென்ன தெரியும்?"

மகள் எழும்பி உள்ளே போனாள். விரிவுரைத் தாளோடு திரும்பி வந்து என் முன்னால் நீட்டினாள். "வாசியுங்கோ."

வாசித்தேன். முதல் வரி கடந்தது. இரண்டாம் வரியில் தடக்கினேன். மூன்றாம் வரியில் புகையிரதம் மாதிரி நீண்ட ஒரு சொல் வந்தது. அதை மூன்று தரம் மூன்று விதமாக உச்சரித்தேன். காது சிவந்தது எனக்குத் தெரிந்தது. மனைவி துருவுவதை நிறுத்திவிட்டா.

"அப்பிடியில்லை அப்பா" என்று மகள் அந்தச் சொல்லைச் சரியாகச் சொன்னாள். "இலையிலை நடக்கிறது. வெளிச்சத்தை வைச்சு அது சாப்பாடு செய்யிறது. மிச்ச வரி அது எப்பிடி எண்டு…" என்று சொல்லிக்கொண்டே போனவள் சட்டென்று நின்றாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அவள் சிரிப்பாள், நானும் சிரிக்கலாம் என்று எதிர்பார்த்தேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"அந்தச் சூப்புக்கு நான் மூண்டு நாள் யோசிச்சனான்" என்றாள். "மூண்டு நாள்."

கொப்பியை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. திங்கட்கிழமை காலை இரட்டைப் பின்னலோடு வெளிக்கிட்டு வந்து, "பஸ்ஸுக்குப் போறன்" என்று தாய்க்கு மட்டும் சொன்னாள். கடிதத்தைக் கொண்டு போகிறாளா, சோதனைக்குப் போகிறாளா தெரியவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இருக்கவில்லை. சங்கத்தில் அன்று நான் எழுதிய கடிதங்களில் யார் யாருக்கு என்ன வருத்தம் தெரிவித்தேனோ.

பின்னேரம் வந்தாள். செருப்பைக் கழற்றியபடி, "எழுதினன்" என்றாள். அவ்வளவுதான்.

அந்தச் சோதனையில் அவள் சித்தியடையவில்லை. கதை நன்றாக இருப்பதற்காக வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஆனால் பொய்க்கோடு போடுவதை நிறுத்தியிருக்கிறேன். புள்ளி வந்த அன்று, பெறுபேற்றுப் பலகைக்கு முன்னால் தன்னைப் போலவே நின்ற நான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். விறாந்தையில் இருந்து ஒருவர் மாறி ஒருவர் சத்தமாக வாசித்தார்கள். எனக்கு ஆறாவது கதிரை. பிழை விட்டால் அவர்கள் சிரிக்கிறதுக்கு ஒராள் வேண்டும் என்று மகள் விளக்கம் சொன்னாள். அந்த வேலையை நான் நன்றாகவே செய்தேன். அடுத்த சோதனையில் ஐந்து பேரும் கரையேறினார்கள்.

இப்போது அவள் இரண்டாம் வருடம். தமிழ் நாவலில் பஸ் ரிக்கற் மறுபடியும் நகர்கிறது. நானும் அலுமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, அகராதியோடு முப்பத்தேழாம் பக்கம் வரை வந்திருக்கிறேன். பழைய கோடுகளை அழிக்கப் போனபோது அவள் விடவில்லை. "கிடக்கட்டும் அப்பா, அதுவும் ஒரு சரித்திரம்" என்றாள்.

போன கிழமை அந்தக் கொப்பி மறுபடி என் கண்ணில் பட்டது. வெறுமையாக விட்டிருந்த மூன்றாம் நிரலை அவள் நிரப்பியிருந்தாள். முன்பு எழுதியவற்றையும் வெட்டிவிட்டு, கதவுக்கும் குதிரைகளுக்கும் ஆறிப்போன சூப்புக்கும் சேர்த்து, பக்கம் முழுக்க ஒரு நீண்ட அடைப்புக்குறி. ஏன் என்ற கேள்விக்கு எதிரே ஒரே பதில்: 'அம்மாவைக் கட்டுறதுக்கு.'

அர்த்தமே இல்லாமல் நான் போட்ட கோட்டில் ஒரு பிள்ளை அர்த்தத்தைத் தேடி மூன்று நாள் இருந்திருக்கிறாள் என்பது, இன்றைக்கும் பென்சிலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருகிறது. எந்த வசனத்தையும் இன்னொரு தரம் வாசித்துப் பார்த்த பிறகுதான் கோடு போடுகிறேன்.