பக்கத்துச் சுரம்

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து வில்லைகளைத் தேய்க்கிற அந்த மனிதருக்கு, வாரக்கடைசியில் மேடை ஏறினால் சீப்பு என்று பெயர். பெயர் வைத்தவன் டிரம்ஸ்காரன். கிட்டாரின் மேல் அவர் கை மேலும் கீழுமாகப் போய்வருவது தலை வாருகிற மாதிரியே இருக்கிறதாம். தலையில் முடி இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட அந்தப் பெயர், வாருவதற்கு ஒன்றும் மிச்சமில்லாத இந்தக் காலத்திலும் போகவில்லை. குழுவில் சின்னவர்கள் "சீப்பண்ணே" என்று கூப்பிடுவார்கள். மரியாதை அந்த அண்ணேயோடு சரி.

குழுவை நடத்துகிறவன் அவர் மனைவியின் தம்பி. கீபோர்டு வாசிப்பான். திருமண வரவேற்பு, கம்பெனி ஆண்டு விழா, ஓய்வு பெறுகிறவருக்கு வழியனுப்பு என்று எது வந்தாலும் ஒரு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மேடையில் பாடகி பாடுவார், மச்சினன் கீபோர்டில் ஜாலம் காட்டுவான், டிரம்ஸ்காரன் குச்சியைச் சுழற்றிப் பிடிப்பான். இவர் ஓர் ஓரமாக நின்று தலை வாருவார். ஒப்புக்குச் சப்பாணி என்று வெளியில் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். உள்ளுக்குள் அவரே அதைச் சொல்லிக்கொள்வார்.

ஆனால் ஒரு பாட்டில் மட்டும் அவருக்கு ஓர் இடம் உண்டு. நிகழ்ச்சி முடியும் தறுவாயில் வரும் மெதுவான காதல் பாட்டு அது. நடுவில் பாடகி தண்ணீர் குடிக்கப் போவார். நான்கு கார்டுகள் திரும்பத் திரும்ப வரும். கார்ட் என்றால் மூன்று நான்கு சுரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒலிப்பது. அந்தக் கார்டுகளின் மேல் கிட்டார்காரர் தன் கற்பனைக்கு எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம். மேடையில் அவருக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த இடைவெளிதான். அதற்கும் இப்போது ஒரு பங்காளி வந்து சேர்ந்தான்.

பங்காளி, மச்சினன் வேலை செய்யும் அலுவலகத்து ஆள். கையில் சாக்ஸபோன், அதில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். முதல் நாளே ஒரு துள்ளல் பாட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். கூட்டம் கைதட்டியது. அன்றைக்கே சாமான்களை ஏற்றும்போது மச்சினன் இவரிடம் வந்தான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றான். தப்பாக எடுத்துக்கொள்ளும்படி எதையாவது சொல்லப் போகிறான் என்றால் அவன் இப்படித்தான் தொடங்குவான்.

"சொல்லு மாப்ள."

"உங்க சோலோவுல ஒவ்வொரு கார்ட் மாறும்போதும் ஆபீஸுக்குப் போயி கையெழுத்துப் போட்டுட்டு வர்ற மாதிரி இருக்கு. அந்தக் கார்டோட முதல் சுரத்துக்கு ஓடுறீங்க, அங்கேருந்து ஏறி இறங்குறீங்க. அடுத்த கார்ட் வந்தா அதோட முதல் சுரத்துக்கு ஓடுறீங்க. கேக்கறவனுக்கு மூச்சு வாங்குது."

"தப்பான சுரம் ஏதாவது வந்துச்சா?"

"தப்பே இல்ல மாமா. அதான் பிரச்சினை." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "அடுத்த வரவேற்புல ஒருதடவை பாப்போம். இதே மாதிரி இருந்தா அந்த இடத்தை சாக்ஸுக்குக் குடுத்துடலாம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது. மச்சினன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் இத்தனை எரிந்திருக்காது.

மனைவி பள்ளி ஆசிரியை. சாப்பாட்டு மேசையில் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டே விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"நான் வேணா தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

"வேணாம். சிபாரிசுல நிக்கிறேன்னு பேர் வந்துடும்."

"இத்தனை வருஷமா எதுல நிக்கிறீங்களாம்?" என்று தலை நிமிராமல் கேட்டுவிட்டு, ஒரு விடைத்தாளில் பெரிதாகச் சுழித்தார்.

துணி துவைக்கும் எந்திரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு முக்காலி போடும் இடம் உண்டு. அதுதான் அவருடைய சாதக அறை. அங்கே உட்கார்ந்து கைபேசியில் பாடம் தேடினார். கிடைத்த பாடத்தின் பெயர் வாய்ஸ் லீடிங். கேட்டபோது, இவ்வளவுதானா என்று இருந்தது. கார்ட் மாறும்போது தாவாதே. விரல் இப்போது எங்கே இருக்கிறதோ, அதற்குப் பக்கத்தில் அடுத்த கார்டின் சுரம் எது என்று பார். அங்கே நகரு. நகரவே தேவையில்லை என்றால் அப்படியே இரு. பேருந்தில் ஆள் ஏறினால் நின்ற இடத்திலிருந்து அரையடி ஒதுங்குவோம், இறங்கி ஓடி மறுவாசலில் ஏற மாட்டோம். இத்தனை வருஷமாக அவர் மறுவாசலில்தான் ஏறிக்கொண்டிருந்தார்.

சொல்வது சுலபம். நான்கு கார்டுகளையும் வாசித்துக் கைபேசியில் பதிவு செய்து, அதை ஓடவிட்டு, மேலே வாசித்துப் பார்த்தார். மெதுவாக ஓடவிட்டால் விரல் சொன்ன பேச்சைக் கேட்டது. பாட்டின் வேகத்துக்குக் கொண்டுவந்ததும் பழையபடி முதல் சுரத்துக்குப் பாய்ந்தது. கட்டிப்போட்ட கழுதை அவிழ்த்துவிட்டால் பழகிய தொழுவத்துக்கே போவதுபோல. போதாக்குறைக்கு விரல் வலி வேறு. வில்லையின் ஓரத்தைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்க்கும் எந்திரத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க அதில் ஊறி, கம்பி அழுத்தி ஏறிய காய்ப்பெல்லாம் விரல் நுனியில் உரிந்துவிடும். மாலையில் வெறும் சதையால் எஃகுக் கம்பியை அழுத்த வேண்டும்.

கடையிலும் அதே நினைப்புதான். மூக்குத்தாங்கியைத் திருகும்போதும் வாய்க்குள் கார்டுகள் ஓடின.

"வாயில என்னங்க மெஷின் ஓடுது? அந்த மெஷினாவது நிறுத்தினா நிக்கும்," என்றார் கடை முதலாளியம்மா. அவர் நிறுத்தினார். முதலாளியம்மா முன்பக்கம் போனதும் மறுபடி ஓடியது.

ஒருநாள் பொறுமை போய்விட்டது. கைபேசியை அணைத்துவிட்டு, கிட்டாரைப் பெட்டிக்குள் போட்டு மூடியை ஓங்கி அறைந்தார். "சாக்ஸே ஊதட்டும். எவன் ஊதினா எனக்கென்ன," என்றார். மனைவி எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா? எந்திரம் போடணும்," என்றார். எந்திரம் துவைத்து முடிக்கும் வரை கூடத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்தார். முடிந்ததும் முக்காலிக்குப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் வழி கிடைத்தது. கிட்டார் கழுத்தின் தலைப்பக்கத்து முனையில், முதல் இரண்டு கம்பிகளில், அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கழுத்தின் குறுக்கே உலோகக் கோடுகள் பிரித்த கட்டங்களில் முதலாவதில் அழுத்திய விரலை எடுத்தால் வெறுங்கம்பி அடுத்த கார்டின் சுரம். அந்த விரலைத் திரும்ப வைத்தால் அதற்கடுத்தது. இன்னும் ஒரு கட்டம் தள்ளினால் நான்காவது. கையே நகர வேண்டாம். கேட்பதற்கும் நன்றாக இருந்தது, யாரோ முனகிக்கொண்டே நடந்து போவதுபோல.

அதைப் பிடித்துக்கொண்டார். வேறு எங்கும் போகவில்லை. காலையில் ஒருமுறை, மாலையில் விரல் எரியும் வரை, அதே இரண்டு கம்பி, அதே முனை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிப்பார் என்கிற அளவுக்கு உருப்போட்டார். அந்தந்த நேரத்தில் பிறக்க வேண்டிய கற்பனையை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்த புண்ணியவான் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அப்போது அது அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் விட்டிருக்க மாட்டார், அத்தனை ஆசை.

வரவேற்பு நாள் வந்தது. பெரிய மண்டபம், மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. சாக்ஸ்காரன் துள்ளல் பாட்டில் ஊதிக் கைதட்டல் வாங்கினான். கண்ணாடிக்காரர் பொறுமையாகத் தலை வாரினார். தன் பாட்டுக்கு முந்தைய பாட்டு முடிந்ததும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அப்போது பாடகி மைக்கை மூடிக்கொண்டு திரும்பினார்.

"தம்பி, தொண்டை கட்டிக்கிச்சு. இந்தப் பாட்டை ஒரு கட்டை இறக்கிக்கலாம்."

"அதுக்கென்னக்கா," என்று மச்சினன் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினான். அவன் வேலை முடிந்தது. இனி எப்போதும்போல வாசித்தால் எந்திரமே இறக்கிக்கொள்ளும்.

கண்ணாடிக்காரர் குனிந்து கிட்டாரின் கழுத்தைப் பார்த்தார். ஒரு கட்டை இறக்கினால் கிட்டாரில் எல்லாமே கழுத்தின் முனையை நோக்கி இரண்டு கட்டம் நகர வேண்டும். அவர் உருப்போட்டதோ முனையிலேயே இருந்தது. அதற்கு அப்பால் கட்டமும் இல்லை, கழுத்தும் இல்லை. கம்பி முறுக்கும் திருகாணிகள்தான் இருந்தன.

"மாப்ள, இரு. எனக்கு அங்க எடமே இல்ல."

"உங்ககிட்டதான் கழுத்துல மாட்டுற கவ்வி இருக்கே மாமா."

"அது சுதியை ஏத்தும். இறக்காது."

"சமாளிங்க மாமா," என்று மச்சினன் தொடங்கிவிட்டான். டிரம்ஸ்காரன் குச்சியைச் சுழற்றினான்.

பாட்டுக்குத் துணையாகத் தலை வாருவதில் சிரமமில்லை, அதற்கு எத்தனையோ பிடிகள் கைவசம் இருந்தன. ஆனால் பாடகியின் ஒவ்வொரு வரியும் அந்த இடைவெளியை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. பாடகியின் தொண்டை மேல், அந்தப் பொத்தான் மேல், கிட்டாரைச் செய்தவன் மேல், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் புதைத்துவைத்த தன் மேல். பாடகி தண்ணீர் பாட்டிலை எடுத்தார்.

முதல் சுரத்துக்கு விரல் பழைய இடத்துக்கே போனது. நாராசமாக ஒன்று விழுந்தது. பக்கத்தில் நின்ற பேஸ் கிட்டார்காரன் திரும்பிப் பார்த்தான். கையை எடுத்துவிட்டார். ஒரு சுற்று முழுக்க எதுவும் வாசிக்கவில்லை.

இரண்டாவது சுற்றில் கோபத்தோடு இரண்டாவது கம்பியில் எங்கேயோ அழுத்தினார். ஒத்துப்போனது. கார்ட் மாறியது. அடுத்ததின் முதல் சுரம் எங்கே இருக்கிறது என்று தெரியாததால் ஓடவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தார். அதுவும் ஒத்துப்போனது. மறுபடி மாறியது. ஒரு கட்டம் மட்டும் பின்னால் நகர்ந்தார். சரியாகப் போய் உட்கார்ந்தது. மூன்றாவது கம்பியில் இன்னொரு விரலை வைத்து, அதை ஒரு கட்டம் முன்னே தள்ளினார். பெயர் தெரியாத சுரங்கள். ஆனால் ஒவ்வொன்றும் அடுத்ததற்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு சுற்றில் கொஞ்சம் தாமதித்து நகர்ந்தார், அடுத்ததில் கொஞ்சம் முந்தினார். விரல் எரிந்தது அவருக்குத் தெரியவில்லை. கடைசியாக ஒரு சுரத்தை அழுத்தி அப்படியே நிற்கவிட்டார். அதற்கு ஒட்டினாற்போலவே பாடகியின் குரல் எழுந்து பாட்டைத் தொடர்ந்தது.

யாரும் கைதட்டவில்லை. கூட்டம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.  வாசித்துவிட்டோம் என்று நினைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அப்படி நினைத்தார்.

நிகழ்ச்சி முடிந்து, மச்சினன் ஒயர்களை முழங்கையில் சுற்றிக்கொண்டே வந்தான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க இடம் வந்தப்ப ஏன் சும்மா இருந்துட்டீங்க?"

 "சும்மா இருந்தேனா?"

"முதல்ல ஒண்ணு தட்டினீங்க, அது தப்பு. அப்புறம் பாட்டு தன் பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா சோலோன்னா ஆள் தெரியணும்ல மாமா. அடுத்த வாரத்துலேருந்து சாக்ஸ் ஊதட்டும். நீங்க எப்பவும்போல கூட வாசிங்க."

சொல்லிவிட்டுக் குனிந்து கீபோர்டின் ஒயரைப் பிடுங்கினான். பிடுங்கிக்கொண்டே விசில் அடித்தான். ஒரு சுரத்தில் நின்று, ஒரு கட்டம் இறங்கி, மறுபடி நின்று, மெல்ல ஏறும் ஒரு மெட்டு.

"என்ன மாப்ள விசில் அடிக்கிற?"

"இதா? அந்தப் பாட்டுதான்."

"பாட்டுல எங்க வருது?"

மச்சினன் யோசித்தான். முதலிலிருந்து வாய்க்குள் பாடிப் பார்த்தான். அந்த மெட்டு எங்கேயும் வரவில்லை. "நடுவுல எங்கயோ வருமே. பாட்டுலயே இருக்கறதுதான் மாமா."

"பாட்டுல அது இல்ல."

"அப்ப வேற எங்கயாவது கேட்டிருப்பேன்," என்று கீபோர்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான்.

நான்தான் வாசித்தேன் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால், வாசித்ததையும் நாமே சொல்லிக்காட்ட வேண்டிய நிலைமை என்று ஆகிவிடும். கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடியைச் சாத்தினார். ஒலி எழாமல்தான் சாத்தினார். 

வண்டிப் பக்கத்திலிருந்து விசில் மறுபடி கேட்டது. நின்று, இறங்கி, நின்று, ஏறி, கடைசி இடத்தில் அவன் நகராமல் ஒரே தாவாகத் தாவி முதல் சுரத்தில் போய் விழுந்தான். அவருக்குப் பொறுக்கவில்லை.

"மாப்ள, அங்க தாவாத," என்று கத்தினார். "பக்கத்துலயே இருக்கு."