இருக்கிற மாதிரி இருங்க

நான் பொய் சொல்கிற ஆள்தான். மறுக்கவில்லை. முழ நீளப் பாம்பை மூன்றே வாக்கியத்தில் ஆளுயரத்துக்கு வளர்த்துவிடுவேன். என் கதைகளில் போன வாரம் செத்தவர் இந்த வாரம் வந்து காபி கேட்பார். ஆனால் இப்போது சொல்லப்போவது நடந்தது. பொய்யாக இருந்திருந்தால் இதைவிட நல்ல முடிவாக வைத்திருப்பேன். அதோடு, செத்துப்போன தங்கையை வைத்துக் கதை கட்டுகிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.

இதில் பெரும்பகுதி என் தங்கையின் புருஷனுக்கு நடந்தது. கடைசித் துண்டு மட்டும் எனக்கு.

மாப்பிள்ளை ஃபிரிட்ஜ் மெக்கானிக். எந்திரங்களைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால்தான் அதிகம் பார்ப்பான். படிக்கட்டு ஏறும்போதே மாடி வீட்டு ஃபிரிட்ஜுக்கு என்ன கேடு என்று சொல்லிவிடுவான். மற்றபடி பேச்சு குறைவு. கல்யாணமான புதிதில் அவனோடு பேசிப் பார்த்துவிட்டு என் தங்கை என்னிடம் வந்து, "அண்ணா, இவரையும் பிளக்குல மாட்டினாத்தான் ஓடுவார் போல இருக்கு" என்றாள்.

அவளிடம் ஒரு கேமரா இருந்தது. ஃபிலிம் போடுகிற பழைய கேமரா. யாரோ வேண்டாமென்று கொடுத்தது. அதில் அவள் எடுத்ததெல்லாம் யாரும் எடுக்காத படங்கள். பாத்திரம் கழுவுகிற மாப்பிள்ளையின் முதுகு. சட்டைக்குள் தலை மாட்டிக்கொண்டு தவிக்கிற மகள். நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்குகிற நான்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஊரில் எல்லோரும் "இங்க பாருங்க" என்றுதானே படம் எடுப்பார்கள்? அவள் "பார்க்காதீங்க" என்பாள். "இருக்கிற மாதிரி இருங்க." யாராவது திரும்பிப் பல்லைக் காட்டினால் அழுத்தமாட்டாள். கேமராவை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

படம் எடுக்கும்போது மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிடுவாள். "உஸ்..." என்று ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். பிறகு "டக்". பிறகு அடுத்த படத்துக்கு ஃபிலிமை நகர்த்துகிற சத்தம், "கர்ர்ர்... க்". உள்ளே பற்சக்கரத்தில் ஒரு பல் தேய்ந்து போயிருந்ததால் அந்த "க்". உலகத்தில் வேறெந்தக் கேமராவும் அப்படிக் கத்தாது என்பான் மாப்பிள்ளை.

இன்னொன்றும் உண்டு. அவள் எடுத்த ஒவ்வொரு படத்திலும் இடது மேல் மூலையில் அவள் விரல் விழுந்திருக்கும். மங்கலாக, உருளைக்கிழங்குத் துண்டு மாதிரி. ஃபிலிம் கழுவித் தருகிற ஸ்டூடியோக்காரர் அவளுக்கு 'விரல் மேடம்' என்றே பெயர் வைத்துவிட்டார்.

காய்ச்சல் என்று படுத்தாள். அந்த வாரம் முடியவில்லை. அவள் முடிந்துவிட்டாள்.

சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டுமென்று பெட்டிகளைத் திறந்தோம். நூற்றுக்கணக்கான படங்கள். எல்லோரும் இருந்தார்கள். பால்காரர்கூட இரண்டு படத்தில் இருந்தார். அவள் இல்லை. அவள் விரல்தான் இருந்தது. கல்யாணப் படத்தில் வெட்கப்பட்டுக் குனிந்திருந்தாள். வகிடு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அடையாள அட்டையில் இருந்ததை மகளிடம் காட்டினோம். நாங்கள் 'வாண்டு' என்று கூப்பிடுகிற அந்தப் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றாள்.

சுவர் காலியாகவே இருந்தது.

சமையலறைச் சுவரில் ஓர் ஆணியில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பாதி ஓடிய ஒரு ரோல். கழற்றிக் கழுவலாம் என்றேன். மாப்பிள்ளை தலையாட்டி மறுத்துவிட்டான். அவள் முடிக்காததைத் தான் முடிக்கமாட்டானாம். ஆனால் அதைப் பார்க்கவும் அவனால் முடியவில்லை. அதனால் நான் எடுத்துக்கொண்டு வந்தேன். என் வீட்டு இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் சட்டைப்பையில். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் ஒரு நாள் காலை. மணி ஆறே கால். மாப்பிள்ளை அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாண்டின் இன்னொரு காலுறையைத் தேடிக்கொண்டிருந்தான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஓடிப்போய் வெறும் கையால் பாத்திரத்தைத் தூக்கி, சுட்டுக்கொண்டு, விரலை வாயில் வைத்தான்.

முதுகுக்குப் பின்னால்...

டக்.

கர்ர்ர்... க்.

திரும்பினான். ஆணிதான் இருந்தது.

சுட்ட கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு அன்றைக்கே என் வீட்டுக்கு வந்தான். வந்தவன் உட்காரவில்லை. "மச்சான், கேமரா உங்ககிட்டதானே இருக்கு?" என்றான். இருக்கிறது என்றேன். போய்விட்டான். நான் அதை விற்றுவிட்டதாகச் சந்தேகப்படுகிறான் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

பத்து நாள் கழித்து வாண்டுக்கு முன்பல் விழுந்தது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அழலாமா சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

டக். கர்ர்ர்... க்.

இந்தமுறை அவன் திரும்பவில்லை. மறுபடி என் வீட்டுக்கு வந்தான். அதே கேள்வி. அலமாரியைத் திறந்து காட்டட்டுமா என்றேன். வேண்டாம் என்றான். ஆனால் அவன் முகத்தில் எதுவோ மாறியிருந்தது. அவள் போன பிறகு முதல்தடவையாகப் பிளக்கில் மாட்டியது போல இருந்தான்.

பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. அப்புறம்தான் என்னிடம் விஷயத்தைச் சொன்னான். அவன் தரையில் படுத்து கட்டிலுக்கு அடியிலிருந்து பந்தை எடுக்கும்போது. தகப்பனும் மகளும் ஒரே போர்வைக்குச் சண்டை போடும்போது. டக். டக். எப்போதும் பின்னாலிருந்து. வரவழைத்துப் பார்க்கலாம் என்று ஒரு நாள் வேண்டுமென்றே பாலைப் பொங்கவிட்டானாம். அரை மணி நேரம் அடுப்பைத் துடைத்ததுதான் மிச்சம். நடித்தால் அவள் எடுக்கமாட்டாள். உயிரோடு இருந்தபோதும் எடுத்ததில்லை.

அவனுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"அவ வீடு மச்சான். வந்துட்டுப் போறா. இதுல பயப்பட என்ன இருக்கு?"

அப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த வாண்டு நிறுத்திவிட்டு, மிகச் சாதாரணமாகச் சொன்னாள்:

"அப்பா, எனக்கு அம்மா மூஞ்சி மறந்து போச்சு."

அவன் எல்லா வேலையையும் போட்டுவிட்டு மறுபடி பெட்டிகளைத் திறந்தான். ஜன்னல் கண்ணாடியில், ஸ்பூனின் முதுகில், ஃபிரிட்ஜ் கதவின் பளபளப்பில் எங்காவது அவள் தெரிகிறாளா என்று பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு படமாகத் தேடினான். எங்கும் விரல். சொல்லிப் புரியவைக்கலாமென்று மகளிடம் முயன்றிருக்கிறான். "அம்மாவுக்குப் பெரிய கண்ணு" என்றானாம். "மாட்டுக்குக்கூடப் பெரிய கண்ணுதான்" என்றதாம் வாண்டு. அதற்கு மேல் அவனுக்கு வார்த்தை வரவில்லை. எனக்கும், இத்தனை கதை சொல்கிற எனக்கும், அவள் முகத்தைச் சொல்லத் தெரியவில்லை.

ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று அவனுக்குத் தோன்ற ஆரம்பித்தது அப்போதுதான்.

அன்று சாயங்காலம். மணி ஆறு நாற்பது. விளக்கு இன்னும் போடவில்லை. வாண்டை முக்காலியில் உட்காரவைத்துப் பின்னால் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தான். நாள்தோறும் கோணலாகவே வரும் பின்னல் அன்று நேராக வந்தது.

வீடு அமைதியாக இருந்தது.

ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

அவன் காதைத் தீட்டிக்கொண்டான்.

வாசற்படிப் பக்கம் செருப்புச் சத்தம். இரண்டு எட்டு. நின்றது.

பிறகு...

"உஸ்..."

மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம்.

இத்தனை கிட்டத்தில் அவன் அதைக் கேட்டதில்லை.

பார்க்காதே.

திரும்பினால் எடுக்கமாட்டாள். போய்விடுவாள்.

பார்க்காதே...

திரும்பினான்.

அவன் கையில் பிடித்திருந்த பின்னலோடு வாண்டும் திரும்பினாள்.

டக்.

யாருமில்லை. வாசற்படி. அதற்குப் பின்னால் சுவர். படம் மாட்டாத காலிச் சுவர்.

அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தான். அந்தக் "கர்ர்ர்". வரவில்லை. வாண்டு தூங்கிப்போன பிறகும் அங்கேயே நின்றிருந்தான். வரவில்லை.

அன்றோடு சரி. பால் பொங்கியது. வாண்டு சைக்கிள் பழகினாள். முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். ஒரு சத்தமும் இல்லை. மழைக்காலம் வந்து போனது. அவன் மறுபடி என் வாசலில் நின்றான். இந்தமுறை உட்கார்ந்தான்.

"சொன்ன பேச்சைக் கேட்கல மச்சான். திரும்பிட்டேன். இனி வரமாட்டா." அலமாரியைப் பார்த்து, "ரோலைக் கழுவிடலாம்" என்றான்.

மறுநாள் நான்தான் அலமாரியைத் திறந்தேன். சாவியைத் திருப்பும்போது உள்ளே "கர்ர்ர்... க்" என்றது. பூட்டுக்கு எண்ணெய் போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு கையாலும் கதவை இழுக்கவேண்டியிருந்ததால் சாவியை வாயில் கவ்விக்கொண்டேன். திறந்து கீழ்த் தட்டில் குனிந்து தேடும்போது "டக்" என்று ஒரு சத்தம். பூட்டு நாக்கு விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன். கீழ்த் தட்டில் எதுவும் இல்லை. கேமரா மேல் தட்டில் இருந்தது. நான் கீழ்த் தட்டில்தான் வைத்தேன். வயதாகிறது, மறந்துபோகிறது என்று நினைத்துக்கொண்டேன். மனுஷனுக்கு நினைத்துக்கொள்ள எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

ஸ்டூடியோக்காரருக்கு விஷயம் தெரியாது. படங்களை உறையில் போட்டுக்கொண்டே, "விரல் மேடத்தைக் கொஞ்ச நாளா காணோமே சார்?" என்றார். நான் காசை எண்ணிக்கொண்டிருந்தேன். "எல்லாத்துலயும் வழக்கம்போல விரல்தான். கடைசிக்கு முந்தினதுல மட்டும் இல்ல. இப்பத்தான் பழகியிருக்காங்க போல" என்று சிரித்தார்.

மாப்பிள்ளையின் வீட்டில் தரையில் உட்கார்ந்து படங்களைப் பரப்பினோம். முதல் பாதி அவள் இருந்த நாட்கள். பிறகு...

அடுப்பில் வழிகிற பால். விரலை வாயில் வைத்த மாப்பிள்ளையின் பாதி முகம்.

உள்ளங்கையில் பல். வாண்டின் ஓட்டை வாய்.

போர்வைச் சண்டை.

ஒவ்வொன்றிலும் இடது மேல் மூலையில் விரல். இதெல்லாம் நடந்தபோது அந்தக் கேமரா என் அலமாரியில், பூட்டுக்குள் இருந்தது.

கடைசிக்கு முந்தின படத்தை அவன் வெகுநேரம் கீழே வைக்கவில்லை. அரை இருட்டு. கையில் பின்னலோடு திரும்பிய மாப்பிள்ளை. அகலத் திறந்த கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. பார்க்கின்றனவே தவிர, எதையும் காணவில்லை. அந்த வீட்டுப் படங்கள் அத்தனையிலும் கேமராவைப் பார்க்கிற முகம் அது ஒன்றுதான்.

வாண்டு கேமராவைப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு சாண் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

மாப்பிள்ளை அவளைக் கூப்பிட்டு, அன்றைக்கு எதைப் பார்த்துச் சிரித்தாய் என்று கேட்டான்.  அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"அம்மாவைத்தான். நீயும்தானே திரும்பினே?"

அவன் கையிலிருந்த படத்தை அவள் பக்கம் திருப்பினான்.

"கேமராவைக் கீழ இறக்கிட்டா. கண்ணாடி தலைமேல இருந்துச்சு. மூக்குல ரெண்டு பக்கமும் குழி." தன் மூக்கில் தொட்டுக் காட்டினாள். "உன்னைப் பார்த்துத்தான் சிரிச்சா, அப்பா. நீ சுவரையே பார்த்துட்டு நின்னே."

அதற்குப் பிறகு வாண்டு அம்மா முகம் மறந்துவிட்டது என்று சொன்னதே இல்லை. இப்போது அவளுக்கே ஒரு பெண் இருக்கிறாள். இன்றைக்கும் கேட்டால் முகத்தை அப்படியே சொல்லுவாள். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருப்பான். திரும்பத் திரும்பக் கேட்பான். அவனுக்கு அது போதவில்லை. போதாது.

கடைசிப் படத்தை நான் அவனுக்குக் காட்டவில்லை. ஸ்டூடியோவிலேயே பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டேன்.

சுற்றிலும் கறுப்பு. நடுவில் திறந்த கதவு அளவுக்கு வெளிச்சம். வெளிச்சத்தில் ஓர் ஆள், சாவியை வாயில் கவ்விக்கொண்டு, கீழே குனிந்து எதையோ தேடுகிறான்.

அலமாரிக்கு உள்ளேயிருந்து எடுத்த படம்.

இடது மேல் மூலையில் விரல்.

நான் பார்க்கவில்லை. இருக்கிற மாதிரிதான் இருந்திருக்கிறேன்.

அன்று முதல் அந்த அலமாரியை நான் பூட்டுவதில்லை.