மேரி எடுக்க மறுத்த வரி

பாலக்கோடு மண்டியில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மேரி நம்பர். "சொல்லு மேரி" என்று எடுத்தேன். பேசியது அவள் வீட்டுக்காரர் ஆரோக்கியம். "ராணி அக்கா, மேரி போய்ட்டாங்க்கா" என்றார். துணி காயப்போட மாடிக்குப் போனவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. போனை வைத்த பிறகும் என் கை பழம் பிரித்துக்கொண்டேதான் இருந்தது. அழுகலை எல்லாம் நல்ல பெட்டியில் போட்டிருக்கிறேன். மண்டிக்காரர் திட்டின பிறகுதான் எழுந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அவர்கள் கடையை உங்களில் நிறையப் பேருக்குத் தெரியும். முன்னால் ஆரோக்கியம் போட்டோ எடுப்பார். உள் அறையில் மேரி பாட்டுப் பதிவு செய்வாள். கல்யாணப் பாட்டு, கோயில் பாட்டு, வண்டியில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் போடுகிற விளம்பரம் எல்லாம் அங்கேதான். நான் போட்டோவுக்குப் போய்க் காத்திருந்தபோது ஒரு பாட்டை முணுமுணுத்ததைக் கேட்டு உள்ளே கூப்பிட்டாள். மாதா படத்துக்கு எதிரில் நின்று அம்மன் பாட்டு பாட எனக்குக் கூச்சமாக இருந்தது. "மாதாவுக்கும் உங்க அம்மனுக்கும் மைக்கு ஒண்ணுதாங்க்கா. பாடுங்க" என்றாள்.

அவள் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு. என் குரல், பின்பாட்டு, பம்பை, உடுக்கை என்று ஒவ்வொன்றையும் தனித்தனி ட்ராக்காக வைத்து, எதிரொலி அது இது எல்லாம் சேர்த்தால் திக்கித் திக்கி நின்றுவிடும். அதனால் முடிந்த ட்ராக்கை ஒவ்வொன்றாக ஃப்ரீஸ் பண்ணுவாள். பண்ணினதும் திரையில் அந்த ட்ராக்கின் கோடு மங்கிவிடும். பாட்டு கேட்கும், ஆனால் அதில் கை வைக்க முடியாது. "இனிமே இதுக்காக கம்ப்யூட்டரு மண்டைய ஒடச்சிக்காதுங்க்கா, சும்மா ஓட்டிட்டுப் போவும்" என்று விளக்கினாள். பாடினவர் வாயால் "திருப்தி" என்று சொல்லாமல் ஒரு ட்ராக்கையும் அவள் ஃப்ரீஸ் பண்ண மாட்டாள். மண்டியில் கூலிக்குப் போகிற என்னிடமும் கேட்பாள். நான் சொல்லும்வரை காத்திருப்பாள். என்னிடம் அப்படி வேறு யாரும் கேட்டதில்லை.

இந்த வருஷம் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்குப் பாட்டு பாடச் சொன்னார்கள். அம்மன் எந்தெந்தத் தெருவுக்குப் போகிறாளோ அந்தத் தெருப் பெயரை வரிசையாகச் சொல்லிக் கூப்பிடுவதுதான் அந்தப் பாட்டு. நான் பாடி முடித்ததும் மேரி கேட்டாள்:

"உங்க தெரு எங்கக்கா?"

அம்மன் எங்கள் காலனிக்கு வரமாட்டாள், ரோட்டு முக்கிலேயே திரும்பிவிடுவாள் என்றேன். அவளுக்குத் தெரியாததில்லை. மைக்கைத் திரும்ப என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "வராட்டி என்ன, கூப்பிடுங்க. பாட்டுதானே" என்றாள். ஒரே வரி சேர்த்துப் பாடினேன். "காலனித் தெருவுக்கும் கால் வைக்க வாடியம்மா." திருப்தியா என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். வாயால் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன்.

பண்டிகைக் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் கேட்க வந்தார்கள். அந்த வரி வந்ததும் பெரியவர் கையைத் தூக்கினார்.

"ஏம்மா, அந்த ஒரு வரிய எடுத்துடு."

"ஃப்ரீஸ் பண்ணியாச்சுங்க. எடுக்க முடியாதுங்க."

"என்ன ஐஸ் பொட்டியிலயா வெச்சிருக்க?" என்றான் கூட வந்தவன். மேரி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தொட்டால் முழுப் பாட்டும் போய்விடும், பண்டிகைக்கு நாள் இல்லை என்றாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் படி இறங்கினதும் நிஜமாகவே எடுக்க முடியாதா என்று கேட்டேன். "ஒரு க்ளிக்குங்க்கா. அது அவங்களுக்கு எதுக்கு?" என்று சிரித்தாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்புதான், அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. கடைசி வேலையை முடித்து முழுப் பாட்டையும் எனக்குப் போனில் அனுப்புகிறேன் என்றிருந்தாள். அனுப்பவில்லை.

சர்ச்சில் அவளுக்காக ஜெபம் வைத்த அன்று ஆரோக்கியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கமிட்டிக்காரர்கள் வந்து பாட்டு வேண்டும் என்று கேட்டார்களாம். "எனக்கு என்னக்கா தெரியும், கம்ப்யூட்டர் பொட்டியவே குடுத்துட்டேன்" என்று அழுதார். தர்மபுரியில் பாட்டுப் பதிவு செய்கிற ஒருவரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர் ஃப்ரீஸைத் திறந்து, அந்த வரியை எடுத்து, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கொடுத்துவிட்டாராம். பெண்சாதியைப் புதைத்துவிட்டு நிற்கிற மனுஷனை நான் என்ன சொல்ல முடியும்? பொட்டி திரும்பி வந்ததா என்று மட்டும் கேட்டேன். வந்தது, அதில் இப்போது அந்த வரி இல்லை என்றார்.

பண்டிகை அன்று எங்கள் ரோட்டு முக்கிலும் குழாய் கட்டியிருந்தார்கள். பாட்டில் தெருக்கள் ஒவ்வொன்றாக வந்தன. என் வரி வரவேண்டிய இடத்தில் பம்பை மட்டும் அடித்தது. பிறகு குழாயில் நானே அடுத்த வரியைப் பாடினேன். பக்கத்து வூட்டுக்காரி, நடுவில் நல்லா அடிக்கிறாங்க இல்ல என்றாள். ஆமாம் என்றேன். அம்மன் முக்குவரை வந்தாள். நாங்கள் தேங்காய் பழத் தட்டோடு நின்றோம். திரும்பிப் போனாள்.

நல்லா இருந்தது, அடுத்த வருஷமும் ராணியே பாடட்டும் என்று கமிட்டியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். முடியாதுங்க என்று சொல்லி அனுப்பினேன். குரலை உயர்த்தாமல், காரணம் சொல்லாமல். மேரியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த 'முடியாதுங்க' ஒன்றுதான். அவள் சொன்னபோது அது என் தெருவைக் கொஞ்ச நாளாவது பாட்டுக்குள் வைத்திருந்தது. நான் சொன்னதால் எதுவும் நிற்கப்போவதில்லை. வேறொருத்தியைக் கூட்டிவந்து பாட வைப்பார்கள். அவளிடம் எந்தத் தெரு என்று கேட்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.